போர்டு போயிடுச்சு: வீட்டுச் சாதனங்கள் மீது எழும் ஐயங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சுற்றும் மின்விசிறிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அப்பா வாங்கியது. இதுவரை இரண்டு முறை காயில் கட்டியிருக்கிறோம். கெபாசிட்டரை எத்தனை முறை மாற்றினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. படுக்கையறையில் இருப்பது மூன்று வருடங்களுக்கு முன் வாங்கிய பி.எல்.டி.சி. விசிறி. ரிமோட் உண்டு, சத்தம் கிடையாது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். போன சித்திரையில், புழுக்கம் தாங்காத ஒரு ராத்திரியில், அது நின்றுபோனது. காலையில் தெருமுனைக் கடை பாய் வந்து ஸ்டூலில் ஏறிக் கழற்றிப் பார்த்தார். இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போர்டு போயிடுச்சு சார். இது எங்கிட்ட கிடையாது. கம்பெனியிலதான் கேக்கணும்." கம்பெனியில் கேட்டேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை, பழையதைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பணம் போனதைவிட, முப்பது வருடமாக ஸ்குரூ டிரைவரும் கையுமாக வாழ்ந்த ஒருவர் "எங்கிட்ட கிடையாது" என்று சொல்ல நேர்ந்ததுதான் என்னை உறுத்தியது. விசிறி எதனால் நின்றது என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பொருள் அவரை உள்ளே விடவில்லை.

வீட்டுச் சாதனங்களைப் பற்றி யாராவது சந்தேகம் எழுப்பினால் அதை வயதானவர்களின் முணுமுணுப்பாக எடுத்துக்கொள்வதே வழக்கம். 'அந்தக் காலத்துல' என்று தொடங்கும் பேச்சுகளில் பல அப்படிப்பட்டவைதான். ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில் இந்தப் பொருள்கள் மீது எழுந்த ஐயங்களை எடுத்து வரிசையாகப் பார்த்தால், அவை ஒரே வகையல்ல என்பது தெரிகிறது. சில சோதனைக்கு நின்றிருக்கின்றன, சில பாதியளவே உண்மை, சிலவற்றுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஒன்றையும் மற்றொன்றையும் குழப்பிக்கொள்வதால்தான், கேட்டே ஆகவேண்டிய கேள்விகளும் முணுமுணுப்போடு சேர்ந்து காற்றில் போய்விடுகின்றன.

1924இல் டெல்லியில் காந்தியிடம் ஓர் இளைஞர் இதே விஷயத்தில் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார். அவர் ஜி. ராமச்சந்திரன், சாந்திநிகேதன் மாணவர். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவர்தான். எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்பது அவர் கேள்வி. என் உடம்பே நுட்பமான ஓர் இயந்திரம், ராட்டையும் இயந்திரம்தான், அப்படியிருக்க எப்படி எதிர்ப்பேன் என்றார் காந்தி. இயந்திர மோகத்தைத்தான் எதிர்ப்பதாகச் சொன்ன அவர், விதிவிலக்காகக் காட்டியது தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பார்த்த சிங்கர், அவள்மீது வைத்த அன்பால் அதை உருவாக்கினார் என்பது காந்தி சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் குடும்ப வாழ்க்கை அவ்வளவு அன்பானதாக இருந்ததில்லை, தையல் இயந்திரத்துக்கு அவருக்கு முன்பே 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதெல்லாம் வரலாறு. ஆனாலும் காந்தி கையில் எடுத்த அளவுகோல் பழுதில்லாதது. யாருடைய களைப்பைப் போக்க இந்தப் பொருள் வந்தது? ராமச்சந்திரனும் விடவில்லை. தையல் இயந்திரம் வேண்டுமானால் அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்றார். வேண்டும், அது தனியார் லாபத்துக்கு என்றில்லாமல் அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. இந்த உரையாடல் அந்த ஆண்டு நவம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, எதிர்த் திசையில் நின்று பெரியார் 'இனிவரும் உலகம்' எழுதினார். கம்பியில்லாத் தொடர்புக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், உருவத்தையும் தொலைவுக்கு அனுப்பலாம் என்று 1940களிலேயே எதிர்பார்த்தவர் அவர். அவருக்கு இயந்திரம் விடுதலையின் கருவி. உழைப்பின் பாரம் குறைந்து, அதன் பயன் எல்லோருக்கும் போய்ச்சேரும் சமுதாயத்தில்தான் அந்தக் கருவிகளை அவர் கற்பனை செய்தார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். காந்தியையும் பெரியாரையும் இந்தக் கேள்வியில் எதிரெதிராக நிறுத்துவது எளிது. இரண்டு பேருமே கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: பொருள் யார் கைக்குள் இருக்கிறது?

அடுப்படிக்கு வருவோம். சாதனங்கள் மீதான ஐயங்களில் மிகவும் பழையதும் மிகவும் கவனமாகக் கையாளவேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசி வருமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றியவர்கள் அல்லர். எங்கள் பாட்டிக்கு வலது தோள் கடைசிவரை வலித்தது. ஆறு பிள்ளைகளுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் இட்லிக்கு அரைத்த தோள் அது. கோயம்புத்தூரில் பிறந்து புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டர், அந்தத் தோளுக்குத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் தந்த பதில். மிக்ஸியின் கதையும் அப்படித்தான். 1960களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸி, இந்தியச் சமையலின் பாரம் தாங்காமல் மோட்டார் கருகிப்போனது. ஊறவைத்த பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் அரைக்கத் தெரிந்த மோட்டாரை அவரே வடிவமைத்தார். சுமீத் பிறந்தது அப்படி. வேறோர் அடுப்படிக்காகச் செய்த பொருளை நம் அடுப்படி சந்தேகித்தது, அந்தச் சந்தேகத்திலிருந்து ஒரு நல்ல பொருள் வந்தது.

ஆனால் வேலை குறைந்ததா? அமெரிக்காவில் 1974இல் ஜோஆன் வேனெக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு பலரைத் திகைக்கவைத்தது. வெளியே வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் வந்து நிறைந்த 1960களில் அது 55 மணி நேரம். எப்படி என்பதை 1983இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் தன் நூலில் விளக்கினார். அடுப்புக்கு விறகு பிளந்த ஆண்களின் வேலையும், தண்ணீர் சுமந்த பிள்ளைகளின் வேலையும், துவைக்க வந்தவர்களின் வேலையும் இயந்திரத்தால் மறைந்தன. பெண்ணின் வேலை மட்டும் வீட்டிலேயே தங்கி, மேலும் பெருகியது. துவைப்பது எளிதானதும் துணியைத் தினமும் மாற்றுவது வழக்கமாயிற்று. சுத்தம் என்பதன் வரம்பு உயர்ந்துகொண்டே போக, மிச்சமான நேரத்தை அந்த வரம்பு விழுங்கிவிட்டது.

நம் நாட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட அதே திசையில் நிற்கிறது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்கிறது. இடைவெளி அசையவில்லை. ஆகவே கோவன் எழுப்பிய ஐயம் கிரைண்டரின் மீதானது என்று நான் நினைக்கவில்லை. அது வீட்டின் மீதான ஐயம். மாவை அரைக்கக் கிரைண்டருக்குத் தெரியும், அரைத்த பிறகு அதைக் கழுவப்போவது யார் என்பதைத் தீர்மானிக்க அதற்குத் தெரியாது.

இந்த வேறுபாடு தெரியாமல் பேசியதன் விளைவை 2006இலும் 2011இலும் பார்த்தோம். தமிழ்நாட்டு அரசு தந்தது முதலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி, பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இரண்டு திட்டங்களையும் ஒரே சொல்லில் 'இலவசம்' என்று ஒதுக்கியவர்கள் பலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி அளிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அரசியலை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தாலும், கூடத்தில் வைக்கும் பெட்டியும் அடுப்படியில் ஒரு தோளின் வலியைப் போக்கும் இயந்திரமும் ஒன்றல்ல. சந்தேகப்படுவதென்றால் இந்த அளவாவது பிரித்துப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது ஆயுள். 'அந்தக் காலத்துப் பொருள் உழைக்கும்' என்ற பேச்சுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது குண்டு பல்பு. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துவந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று நிர்ணயித்தன. அதற்கு மேல் எரியும் பல்புகளைச் செய்த உறுப்பு நிறுவனத்துக்கு அபராதம். இது ஆவணங்களோடு நிரூபணமான உண்மை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நாமும் விளம்பரக்காரர்களைப் போலவே ஆகிவிடுவோம். டங்ஸ்டன் இழையை அதிகச் சூட்டில் எரித்தால் வெளிச்சம் கூடும், அதே மின்சாரத்துக்கு அதிக ஒளி கிடைக்கும், ஆனால் இழை சீக்கிரம் அறுந்துவிடும். குறைந்த சூட்டில் எரித்தால் பல்பு நெடுநாள் வாழும், மங்கலாக எரியும், வெளிச்சத்தின் அளவுக்குப் பார்த்தால் மின்சாரம் வீணாகும். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பைப் பற்றி எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். இன்று அது சுமார் 4 வாட் பல்பு அளவுக்குத்தான் ஒளி தருகிறது, அதில் புத்தகம் படிக்க முடியாது. 1,000 மணி நேரம் என்பது நியாயமான சமரசமே என்று பிரிட்டனின் ஏகபோக ஆணையமும் 1951இல் ஒப்புக்கொண்டது. பொறியியலில் நியாயம் இருந்திருக்கலாம். அதை ரகசியமாகக் கூடி, வாங்குபவருக்குத் தெரியாமல் முடிவுசெய்ததும், அதிக நாள் எரிந்ததற்கு அபராதம் போட்டதும்தான் குற்றம்.

தெரியாமல் முடிவுசெய்வது என்பது நம் காலத்திலும் நடந்தது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்துவந்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோகாமல் காப்பதற்காக என்றது. அந்த விளக்கத்தில் தொழில்நுட்ப நியாயம் இருக்கிறது. ஆனால் போன் மெதுவானதும் பேட்டரியை மாற்றினால் போதும் என்பது தெரியாமல் புதுப் போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ. வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகவே பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. குறையைச் சொல்லியிருந்தால் அது பராமரிப்பு. சொல்லாமல் செய்ததால் அது வேறு.

இங்கேதான் நான் என் படுக்கையறை விசிறிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதன் கணக்கு எனக்கு எதிராகவும் பேசுகிறது. கூடத்து விசிறி எடுப்பது சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. விசிறி எடுப்பது 28 வாட் அளவு. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 205 யூனிட் மிச்சம். இது சின்ன விஷயமல்ல. நாடு முழுவதும் வீடு வீடாகக் கூட்டிப் பார்த்தால் அனல்மின் நிலையங்களின் கணக்கில் வரும். 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரையை அரசு கட்டாயமாக்கியதில் நியாயம் இருக்கிறது. எனவே பழைய விசிறியே நல்லது என்று நான் எழுதப்போவதில்லை. நான் கேட்பதெல்லாம், இந்த மிச்சத்தோடு சேர்த்துப் பாயின் கையிலிருந்த தொழிலையும் ஏன் பறிக்க வேண்டும் என்பதுதான். பழைய விசிறியின் கெபாசிட்டர் எல்லா மின்சாதனக் கடைகளிலும் கிடைக்கும், எந்தக் கம்பெனி விசிறிக்கும் பொருந்தும். புதிய விசிறியின் போர்டு அந்தக் கம்பெனிக்கு, அந்த மாடலுக்கு, அந்த வருடத்துக்கு மட்டுமே உரியது. மின்சாரச் சிக்கனத்துக்கும் இந்தப் பூட்டுக்கும் இயற்பியலில் எந்தத் தொடர்பும் இல்லை. அது முழுக்க முழுக்க வியாபார முடிவு.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பிற்பகல் நடந்தால் இந்தப் பூட்டின் கடுமை புரியும். உருப்பெருக்கி விளக்கின் கீழே குனிந்து, கடுகளவு உறுப்பை ஹாட் ஏர் கன்னால் கழற்றி இன்னொன்றைப் பொருத்தும் இளைஞர்களில் பலர் பொறியியல் கல்லூரியைப் பார்த்ததில்லை. அவர்கள் திறமைக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து, உதிரிப் பாகத்தையும் போனையும் மென்பொருளால் முடிச்சுப் போட்டுவிடுவது. திரையை மாற்றினால் போன் அதை அடையாளம் கண்டு, 'அசல் அல்ல' என்று எச்சரிக்கிறது, சில வசதிகளை நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இந்த முடிச்சையே தடைசெய்து சட்டம் போட்டது. பிரான்சில் 2021இல் போன், லேப்டாப், டிவி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் மீது, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று அச்சிடுவது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன் மாடல்களுக்கு ஏழு ஆண்டுகள் உதிரிப் பாகமும் ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பும் கிடைக்க வேண்டும், விற்பனை நின்ற நாளிலிருந்து கணக்கு. இந்தியாவில் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. 2025 மே மாதம் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான குழு அறிக்கையும் கொடுத்துவிட்டது. பெட்டியின் மேல் மதிப்பெண் அச்சாகி வருவது எப்போது என்பதுதான் பாக்கி. உலகம் 2022இல் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். அப்படிப் பதிவாகாத குப்பையில் என் விசிறி போர்டும் சேரக்கூடும்.

இதுவரை சொன்ன ஐயங்கள் பொருளின் உடம்பைப் பற்றியவை. இனி வருவது பொருள் சொல்லும் கதையைப் பற்றியது. தமிழ்நாட்டில் இதற்குத் தண்ணீரைவிட நல்ல உதாரணம் இல்லை.

வாசலில் பையோடு நிற்கும் விற்பனையாளர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியைச் செருகி மின்சாரம் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் நம் தண்ணீர் செம்பழுப்பாகி, நுரைத்து, அடியில் சேறு படியும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். "பாத்தீங்களாம்மா, இதைத்தான் உங்க புள்ளைங்க குடிக்குது" என்பார். எங்கள் அக்கா வீட்டில் நானே இதைப் பார்த்திருக்கிறேன். அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல. கம்பியிலிருந்து வந்தது. கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து, துரு போன்ற சேறாகப் படிகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, அதனால் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. நம்பாதவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியைச் செருகச் சொல்லிப் பார்க்கலாம். அதுவும் பழுப்பாகும். அக்காவிடம் இதைச் செய்து காட்டிய பிறகுதான் அவள் நிம்மதியானாள், பிறகு கோபப்பட்டாள். தாயின் பயத்தைப் பிடித்து ஆட்டி விற்பதை மன்னிக்க எனக்கும் மனம் வரவில்லை.

அடுத்த ஆயுதம் டி.டி.எஸ். மீட்டர். பேனா போன்ற அந்தக் கருவி எண்ணைக் காட்டியதும் விஞ்ஞானமே பேசியதுபோல இருக்கும். அது அளப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணிக்கிறது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடா, ஆர்செனிக்கா, வெறும் கால்சியமா என்றும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர் குறைந்த எண்ணைக் காட்டலாம், நல்ல ஊற்றுத் தண்ணீர் கூடிய எண்ணைக் காட்டலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி உண்டு. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. காரணம், சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வடிகாலில் விடுகிறது, உடம்புக்கு வேண்டிய தாதுக்களையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைக்கும் ஊரில், ஒன்றுக்கு மூன்று என்று கீழே விடுவது மனதை வருத்துகிறது.

இங்கேயும் ஐயத்துக்கு எல்லை போட வேண்டும். ராமநாதபுரத்துக் கடலோரக் கிராமத்தில் உப்பு நீரை வைத்துக்கொண்டு தவிப்பவரிடமோ, தருமபுரியில் ஃபுளோரைடு நீரால் பல்லில் கறையும் எலும்பில் வலியும் கண்டவரிடமோ ஆர்.ஓ. வீண் என்று சொல்வது கொடுமை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது. சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே தத்துவம்தான். தொழில்நுட்பம் நல்லது, தேவையும் உண்மை. என் வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துத் தேவையென்றால் வாங்குவது ஒன்று, இரும்புக் கம்பியைப் பார்த்துப் பயந்து வாங்குவது இன்னொன்று.

எண்ணைக் காட்டி நம்பவைப்பது கையில் கட்டும் கருவிகளிலும் நடக்கிறது. ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று என் நண்பர்கள் பலர் விரதம்போலக் கடைப்பிடிக்கிறார்கள். 9,400இல் நின்றால் ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் சுற்றுகிறார்கள். இந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த உடற்பயிற்சி ஆர்வத்தில், 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற நடையளவுக் கருவியின் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். விற்பனைப் பெயர் அறுபது ஆண்டுகளில் மருத்துவ விதியாகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ தலைமையில் 16,741 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது, 7,500 அளவுக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. நடப்பது நல்லது என்பதில் மாற்றமில்லை. ஆனால் 4,000 அடி நடந்துவிட்டு, தோற்றுப்போன மனதோடு படுக்கும் முதியவருக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத எண் ஆக்சிமீட்டருடையது. கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் வீடுகளில் தெர்மாமீட்டரைவிட அதிகம் பேசப்பட்ட கருவி அது. 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்ற கோட்டை வைத்துக் குடும்பங்கள் உயிரைக் கணித்தன. விரலுக்குள் சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிப்பது அதன் வேலை. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ரத்த ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தது, வெள்ளையர்களுக்கு எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதத்தில், கறுப்பினத்தவர்களுக்கு எடுத்தவற்றில் 11.7 சதவீதத்தில். கருத்த தோல் கொண்ட ஒரு சமூகம் அந்தக் கருவியை எந்தக் கேள்வியும் கேட்காமல் விரலில் மாட்டிக்கொண்டது. கருவி பல உயிரைக் காத்தது என்பதும் உண்மை. எந்த நிறத் தோல்களில் சோதித்தார்கள் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தால், 95 காட்டியும் மூச்சுத் திணறியவரை இன்னும் சீக்கிரம் கொண்டுபோயிருப்போம்.

பிள்ளைகளும் போனும் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை முழுமையற்றது என்பார்கள். எல்லா வீடுகளிலும் மிகச் சூடாகப் பேசப்படும் ஐயம் இது, ஆதாரம் மிகக் கலங்கலாக இருப்பதும் இதில்தான். 2019இல் ஓர்பென், ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி, அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றார்கள். 2024இல் உளவியலாளர் ஜொனாதன் ஹைட் தன் நூலில், போன் ஒரு தலைமுறையின் குழந்தைப்பருவத்தையே மாற்றிவிட்டது என்று வாதிட்டார். ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடைசெய்தது. நான் இதில் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்க மாட்டேன். தூக்கம் கெடுகிறது என்பது மட்டும் என் கண்ணெதிரே தெரிகிறது.

கடைசியாக, பொருள் நம்மைப் பார்ப்பது. டிவியை நாம் பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளின் வழியே, வீட்டார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை விநாடிக்கு விநாடி, அவர்களுக்குத் தெரியாமல் சேகரித்து விற்றதாகக் குற்றம் சாட்டியது. 22 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்று நடந்தது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இணைக்கும் ரிவால்வ் என்ற 300 டாலர் பெட்டியை, வாழ்நாள் சேவை உண்டு என்று நம்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். ரிவால்வைச் செய்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் நிறுவனம், 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. வாழ்நாள் என்று சொன்னது யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்கவில்லை. இப்போது வரும் விசிறிகளுக்கும் செயலி வந்துவிட்டது. காற்று வாங்குவதற்கு என் பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பிடமும் வேண்டுமாம். நான் கொடுப்பதாக இல்லை.

பல்பு, விசிறி, தண்ணீர், எண், டிவி என்று இத்தனையையும் பார்த்த பிறகு, பொருளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. கிரைண்டரை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்குத் தோன்றுவது, மூடிய இடங்களில்தான் ஏமாற்று நடந்திருக்கிறது என்பது. ஆயுளை மூடிய அறையில் முடிவுசெய்தார்கள், வேகத்தை மூடிய மென்பொருளுக்குள் குறைத்தார்கள், கம்பி எதனால் ஆனது என்பதை மறைத்தார்கள், டிவி பார்த்ததைச் சொல்லாமல் விற்றார்கள். திறந்து பார்க்க முடிந்த பொருளிடம் மனிதர்கள் இவ்வளவு எளிதாக ஏமாந்ததில்லை. ஆகவே கடைக்காரரிடம் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்பதோடு, இதை எங்கள் தெரு ஆள் திறக்க முடியுமா, உள்ளே இருப்பது தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஒரு கடையில் மட்டும் அந்தப் பையன் கேட்டலாகைப் புரட்டி, அடுத்த நாள் போன் செய்து சொன்னான்.

படுக்கையறை விசிறி இப்போது பாயின் கடையில் கிடக்கிறது. போன வாரம் அந்த வழியாகப் போனபோது, அவர் மகன், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிப்பவன், அந்தப் போர்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையாகத் தொட்டு, எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஷூ பெட்டி நிறைய வேறு வீடுகளின் செத்துப்போன போர்டுகள். "எரிஞ்சது ஒரு சின்ன சாமான்தான் அங்கிள். மேல இருக்கிற நம்பரை அழிச்சு வச்சிருக்காங்க. அது என்னன்னு கண்டுபிடிச்சிட்டா போதும்" என்றான். பாய் ஒன்றும் சொல்லவில்லை. மகனுக்கு வெளிச்சம் விழும்படி மேசை விளக்கைக் கொஞ்சம் திருப்பிவைத்தார்.